ஒரே பலகையில் கன்னடம், தமிழ், ஆங்கிலம்: ஃபான்ட் தேர்ந்தெடுக்கும் முறை

பெங்களூரில் தமிழர்கள் அச்சடிக்கும் எதிலும் தமிழ் தனியாக வருவது அபூர்வம். அல்சூர் கோயில் திருவிழா நோட்டீஸ், சிவாஜிநகர் கடைப் பலகை, ஸ்ரீராமபுரத்துக் கல்யாணப் பத்திரிகை, அப்பார்ட்மெண்ட் பொங்கல் விழாவுக்கு வாட்ஸ்அப்பில் சுற்றும் அழைப்பு என்று எதை எடுத்தாலும் கன்னடமோ ஆங்கிலமோ இரண்டுமோ கூடவே நிற்கும். இந்த மூன்றில் அடிபடுவது பெரும்பாலும் தமிழ்தான். ஆங்கிலத்துக்கு நல்ல ஃபான்டாகத் தேடி எடுப்பார்கள், கன்னடத்துக்கு பிரஸ்காரர் வைத்திருப்பதைப் போடுவார்கள், மிச்சமிருக்கும் இடத்தில் தமிழை நெருக்கி நுழைப்பார்கள். படிக்கிறவர் கண் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். விழா எத்தனை மணிக்கு என்று போன் போட்டுக் கேட்பார்.

நிறமும் படமும் பார்த்த உடனே தெரிந்துவிடும். ஃபான்ட் சரியாக இருந்தால் யாரும் அதைக் கவனிக்கவே மாட்டார்கள், நேராகப் படித்துவிட்டுப் போவார்கள். தப்பாக இருந்தால் இழப்பு தகவலில்தான் விழும்: தேதி தெரியாது, பெயர் மாறிப் படிக்கப்படும், முதியவர்கள் படிக்காமலே மடித்து வைப்பார்கள். அதனால் ஃபான்ட் தேர்வை அலங்கார வேலையாகக் கடைசிக்குத் தள்ளக் கூடாது. பலகை அளவும் தாள் அளவும் முடிவாகும் அன்றே அதையும் முடிவு செய்ய வேண்டும்.

தூரமும் பொருளும்

கணினியைத் திறக்கும் முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். படிக்கிறவர் எவ்வளவு தூரத்தில் இருப்பார்? எதில் அச்சாகப் போகிறது?

பலகைக்குப் பலகைக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிது: 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து உயரம் இருந்தால் சிரமமில்லாமல் படிக்கலாம். ஆனால் அது ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்துச் சொன்ன கணக்கு. தமிழுக்கு அதைக் கொண்டுவரும்போது ‘ப’, ‘ட’ மாதிரி மேலும் கீழும் எதுவும் நீளாத எழுத்தின் உயரத்தை அளக்க வேண்டும். ‘கீ’யின் மேல்விலங்கு முதல் ‘கூ’வின் அடிச் சுழி வரை அளந்து “6 அங்குலம் இருக்கிறதே” என்று நினைத்தால், உண்மையில் கண் படிக்கும் உடல் பகுதி 3 அங்குலமோ 3½ அங்குலமோதான் இருக்கும். பலகைகளில் தமிழ் சின்னதாகத் தெரிவதற்கு முதல் காரணம் இந்தத் தப்பான அளவுதான்.

கையில் பிடித்துப் படிக்கும் தாளுக்குத் தமிழ் 10 புள்ளிக்குக் (பாயிண்ட், எழுத்தளவின் அலகு) கீழே போகக் கூடாது. வீட்டுப் பெரியவர்களுக்கும் போகிற பத்திரிகை என்றால் 12. போனில் பார்க்கும் படத்துக்கு வேறு கணக்கு: 1080 பிக்சல் அகலத்தில் செய்யும் அழைப்பு, போன் திரையில் ஏறத்தாழ 2¾ அங்குலத்துக்குச் சுருங்கிவிடும். அதில் 36 பிக்சல் எழுத்து என்பது அச்சில் 6½ புள்ளிக்குச் சமம். கணினித் திரையில் நன்றாகத் தெரியும், போனில் விரல் வைத்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடியும். மிகச் சின்ன வரிக்குக்கூட 48 பிக்சல் வைக்கவும். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது மெல்லிய கோடுகள்தான் முதலில் கலங்கும் என்பதால் லைட், தின் எடைகளை (எடை என்றால் எழுத்துக் கோட்டின் தடிமன்) அங்கே தொடவே வேண்டாம்.

எதில் அச்சாகிறது என்பது கோட்டின் தடிமனை முடிவு செய்யும். பளபளப்புப் பூச்சு இல்லாத மேப்லித்தோ தாளில் மை கொஞ்சம் பரவும். ‘ண’, ‘ஞ’, ‘ழ’ இவற்றின் சுழிகள் அடைபடும். சொரசொரப்பான கல்யாணக் கார்டு அட்டையில் தங்க ஃபாயில் அடித்தால் கால் மில்லிமீட்டருக்கும் மெலிந்த கோடு இடையிடையே விட்டுப்போகும். இருட்டுப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் சுற்றியுள்ள மை உள்ளே ஏறி எழுத்தை மெலிய வைக்கும். அங்கே ரெகுலருக்குப் பதில் ஒரு படி மேலே, மீடியம் எடை போடவும்.

எந்த ஃபான்ட்

தமிழுக்கு மட்டும் என்றால் தேர்வு ஏராளம். காட்டமரான், ஹிந்த் மதுரை, முக்தா மலர் மூன்றும் நல்ல வேலை, மூன்றும் இலவசம். ஆனால் கன்னடமும் வேண்டும் என்றதும் பட்டியல் சுருங்கிவிடும். முக்தா குடும்பத்தில் தேவநாகரி உண்டு, குர்முகி உண்டு, குஜராத்தி உண்டு, கன்னடம் கிடையாது. பெங்களூர் வேலைக்குக் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை, கன்னடமும் தமிழும் ஒன்றோடொன்று பொருந்தும்படி வரைந்த குடும்பங்கள்:

நோட்டோ சான்ஸ், நோட்டோ செரிஃப் இரண்டிலும் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றும் உண்டு. எடைகள் நிறைய. தனித்துவம் குறைவு என்று டிசைனர்கள் சொல்வார்கள், ஆனால் மருந்துக் கடை, கிளினிக், சங்க அறிவிப்பு போன்ற வேலைக்கு இதைவிட நம்பகமானது இல்லை.

அனெக், மும்பையைச் சேர்ந்த எக் டைப் குழு உருவாக்கியது. பத்து எழுத்து முறைகள் இருக்கின்றன. இதன் பெரிய பலம் அகலத்தை மாற்றலாம் என்பது: இயல்பு அகலம் 100 என்றால் 75 முதல் 125 வரை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, பலகையின் அகலமோ கூடாது. அகலத்தை 80-க்குக் குறைத்தால் எழுத்து குறுகும், கோட்டின் தடிமன் குலையாது. பலகை வேலைக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான்.

பாலூ, அதே குழுவின் உருண்டு தடித்த ஃபான்ட். தமிழுக்குப் பாலூ தம்பி, கன்னடத்துக்குப் பாலூ தம்மா. குழந்தைகள் விழா, தின்பண்டக் கடை, ஜூஸ் கடைக்குக் கச்சிதம். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் இதைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இறந்தவரின் பெயர் துள்ளிக் குதிக்கிற மாதிரி தெரியும், அந்தக் குடும்பத்துக்கு அது எவ்வளவு உறுத்தும் என்று யோசிப்பதில்லை. துக்கச் செய்திக்கு நோட்டோ செரிஃபோ அடுத்து சொல்லும் டிரோவோ போடவும்.

டிரோ தமிழ், டிரோ கன்னடா இரண்டும் புத்தக அச்சின் சாயல் உள்ளவை. மெல்லிசும் தடிப்புமாக ஓடும் கோடு. போல்டு கிடையாது, ஒரே எடைதான். பத்திரிகை உள்பக்கம், மலர், நினைவிதழ் இவற்றுக்கு அழகு. பலகைக்கு எடுத்துப் போனால் மெல்லிய கோடுகள் தூரத்தில் காணாமல் போகும்.

நான்கு குடும்பமும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. வியாபாரத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். எங்கிருந்தோ சிடியில் வந்த நூற்றுக்கணக்கான ஃபான்டுகளுக்கு இந்த நிம்மதி கிடையாது.

ஒரு வேலைக்கு ஒரு குடும்பம் போதும். தலைப்புக்கு மட்டும் வேறொன்று வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். மூன்று எழுத்து முறைகள் ஏற்கெனவே மூன்று வடிவங்களைக் கொண்டுவந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் இரண்டு ஃபான்ட் என்றால் தாளில் ஆறு வடிவம் மோதும்.

வாங்கியவுடன் ஒரு சோதனை வரி

புது ஃபான்ட் எதையும் வேலைக்கு எடுக்கும் முன் இந்த வரியை அடித்து, அசல் அளவில் அச்செடுத்துப் பார்க்கவும்:

ஸ்ரீ க்ஷ ஜூ ஹௌ கொ கோ கௌ ணு ணூ ழு ளூ ஞை றை னை பாரா மரம் ஃ 1234567890

‘ஸ்ரீ’ ஒரே எழுத்தாகச் சேர வேண்டும். சேராமல் ‘ஸ்’ தனி, ‘ரீ’ தனி என்று நின்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஃபான்டில் அந்த வடிவமே இல்லை. அல்லது கணினியில் வேறு ‘ச’வை வைத்து அடித்திருக்கிறீர்கள். யூனிகோடில் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) ‘ஸ’ வேறு, ‘ஶ’ வேறு. ஸ்ரீயை இரண்டில் எதை வைத்தும் அடிக்கலாம், சில ஃபான்டுகள் ஒன்றை மட்டும்தான் சேர்க்கும். மற்றதை வைத்து அடித்துப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகையில் முதல் வரியே இதுதான் என்பதால் இதில் கோட்டை விட்டால் மன்னிப்பே இல்லை.

‘பாரா’வில் நடுவில் இருக்கும் ‘ர’வும் இரு பக்கமும் இருக்கும் கால்களும் வேறு வேறாகத் தெரிய வேண்டும். சில நவீன ஃபான்டுகளில் ‘ர’வின் அடிக்கோட்டை வெட்டிவிடுவதால் அதுவும் கால் மாதிரியே இருக்கும். ஆள் பெயரில் அது பெரிய தொல்லை. பிறகு ‘ழு’, ‘ளூ’ மாதிரி கீழே இறங்கும் எழுத்துகள் அடுத்த வரியின் புள்ளியைத் தொடாமல் இருக்கிறதா, ‘ண’வின் மூன்று சுழியும் 10 புள்ளியில் எண்ண முடிகிறதா என்று பாருங்கள். ரூபாய்க் குறி வேண்டிய வேலை என்றால் அதையும் அடிக்கவும். அந்தக் குறியே 2010-ல்தான் ஏற்கப்பட்டது. அதற்கு முந்தைய ஃபான்டில் அந்த இடத்தில் வெறும் கட்டம் வரும்.

கன்னடம் படிக்கத் தெரியாதவரும் அது உடைந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ‘கன்னட’ என்ற சொல்லைக் கன்னடத்தில் அடித்துப் பாருங்கள். மூன்று எழுத்து வர வேண்டும். நடு எழுத்தின் காலடியில் ஒரு சின்ன வடிவம் தொங்க வேண்டும். அதுதான் ஒத்து, கூட்டெழுத்தில் இரண்டாவதாக வரும் மெய்யின் வடிவம். அது தொங்காமல் நான்கு எழுத்து வரிசையாக நின்றால் மென்பொருள் கன்னடத்தை உடைக்கிறது என்று பொருள். முகவரியில் வரும் ‘முக்ய ரஸ்தெ’யிலும் (மெயின் ரோடு) ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ஒத்து உண்டு. இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கடைசியில் கட்டாயம் கன்னடம் படிக்கிற ஒருவரிடம் ப்ரூஃபைக் கொடுக்கவும்.

அளவைச் சமன் செய்வது

மூன்று மொழிக்கும் 12 புள்ளி கொடுத்தால் மூன்றும் சமமாகத் தெரியாது. புள்ளி அளவு என்பது எழுத்து உட்காரும் கண்ணுக்குத் தெரியாத கட்டத்தின் உயரம். அந்தக் கட்டத்துக்குள் எழுத்து எவ்வளவு பெரிதாக வரையப்பட்டிருக்கிறது என்பது ஃபான்டுக்கு ஃபான்ட் மாறும். தமிழும் கன்னடமும் மேல்விலங்குக்கும் ஒத்துக்கும் இடம் விட வேண்டியிருப்பதால் உடல் பகுதி சின்னதாகிவிடுகிறது. ஆங்கிலம் அதே கட்டத்தை ஏறக்குறைய முழுதாக நிரப்பிக்கொள்கிறது. முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்த ஆங்கிலப் பெயர் பக்கத்துத் தமிழை அமுக்கிவிடுவது இதனால்தான்.

சமன் செய்யும் முறை: தமிழில் ‘பட’ என்றும், கன்னடத்தில் உயிர்க்குறி எதுவும் இல்லாத இரண்டு எழுத்தையும், ஆங்கிலத்தில் ஒரு சிறிய எழுத்துச் சொல்லையும் ஒரே வரியில் 100 புள்ளியில் அடித்துக்கொள்ளவும். மேலும் கீழும் இரண்டு வழிகோடு இழுக்கவும், தமிழ் ‘ப’வின் தலைக்கும் அடிக்கும். பிறகு கன்னடத்தை ‘ப’வுக்குச் சமமாக வரும்வரை மாற்றவும். ஆங்கிலத்தின் சிறிய எழுத்து ‘ப’வைவிடக் கொஞ்சம் தாழ்ந்தும், பெரிய எழுத்து கொஞ்சம் உயர்ந்தும் நிற்க வேண்டும். இப்போது 100-க்கு எவ்வளவு வந்தது என்று குறித்துக்கொண்டால் அதுவே அந்த வேலை முழுவதற்குமான விகிதம். தமிழ் 12 என்றால் கன்னடம் 12 அல்லது 12½, ஆங்கிலம் 11 என்ற இடத்திலிருந்து தொடங்கினால் சீக்கிரம் பிடிபடும். ஆங்கிலம் முழுக்கப் பெரிய எழுத்து என்றால் இன்னும் ஒரு புள்ளி குறைக்கவும்.

உயரம் சமமான பிறகு எடையைப் பாருங்கள். கண்களைச் சுருக்கி, எழுத்து கலங்கும் அளவுக்குத் தள்ளி நின்று பார்த்தால் மூன்றும் ஒரே சாம்பல் நிறப் பட்டையாகத் தெரிய வேண்டும். ஒன்று மட்டும் கறுத்துத் தெரிந்தால் அதன் எடையை ஒரு படி இறக்கவும். மூன்றுக்கும் ‘போல்டு’ என்று பெயர் இருப்பதால் மூன்றும் ஒரே தடிமன் என்று நம்ப வேண்டாம். குடும்பம் மாறினால் கட்டாயம் மாறும்.

வரி இடைவெளியில் கஞ்சத்தனம் கூடாது. ஆங்கிலத்துக்கு எழுத்தளவில் 1.3 மடங்கு போதும். தமிழுக்கு 1.5. கன்னடத்துக்கு 1.6, ஒத்து கீழே தொங்குவதால். மூன்றும் கலந்த பத்தியில் பெரியதையே எல்லாவற்றுக்கும் வைக்கவும். இல்லாவிட்டால் வரிகள் ஏறியும் இறங்கியும் தெரியும்.

இடம் போதவில்லை என்றால் செய்யக் கூடாதவை மூன்று. எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்குவது: 70 சதவீதத்துக்கு அமுக்கினால் நிற்கும் கோடுகள் மெலியும், படுத்த கோடுகள் அப்படியே இருக்கும், எழுத்து நசுங்கியது பார்க்கிற எவருக்கும் தெரியும். போல்டு இல்லாத ஃபான்டுக்கு அவுட்லைன் ஏற்றித் தடிக்க வைப்பது: ‘ண’வின் சுழி அடைந்து, புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். எழுத்துகளுக்கு நடுவே இடம் கூட்டிக் குறைத்து விளையாடுவது: கூட்டினால் கொம்பும் காலும் தன் எழுத்தை விட்டுப் பிரியும், ‘கோ’ மூன்று துண்டாகும், குறைத்தால் ‘ன்’னின் புள்ளி பக்கத்து மேல்விலங்கில் மோதும். இடம் வேண்டுமானால் சொல்லைக் குறைக்கவும், அல்லது அனெக் மாதிரி அகலம் மாறும் ஃபான்டுக்குப் போகவும். ‘அனைவரும் குடும்பத்துடன் வருகை தந்து சிறப்பிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்பதை ‘குடும்பத்துடன் வாருங்கள்’ என்றால் எழுத்து இரண்டு மடங்கு பெரிதாகும்.

குறுகிய பத்தியில் இரு ஓரமும் நேராக்க வேண்டாம். தமிழ்ச் சொல் நீளம், நடுவில் உடைக்க மென்பொருளுக்குத் தெரியாது. வரிக்கு மூன்று சொல்லும் நடுவில் பெரிய ஓட்டைகளும்தான் மிஞ்சும். இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும்.

ஒரு கடைப் பலகை, அளவோடு

10 அடி அகலம், 3 அடி உயரம். ‘முருகன் ஸ்டோர்ஸ்’ என்று மூன்று மொழியில் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

கர்நாடகத்தில் 2024-ல் திருத்தப்பட்ட கன்னட மொழி ஒட்டுமொத்த வளர்ச்சிச் சட்டப்படி கடை, நிறுவனப் பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும். அதுவும் பலகையின் மேல்பகுதியில். 36 அங்குல உயரத்தில் 60 சதவீதம் என்றால் 21.6 அங்குலம் கன்னடத்துக்கு. மீதி 14.4 அங்குலத்தில்தான் தமிழும் ஆங்கிலமும்.

அந்த மீதியை இரண்டு வரியாக, மேலே தமிழ் கீழே ஆங்கிலம் என்று வைத்தால் வரிக்கு 7.2 அங்குலம். மேல், கீழ் இடைவெளியும் மேல்விலங்கும் அடிச் சுழியும் போகத் தமிழின் உடல் உயரம் 3 அங்குலம்தான் தேறும். 30 அடியில் சௌகரியமாகப் படிக்கலாம், அவ்வளவுதான். எதிர்ச் சாரியில் நடக்கிறவருக்கு எட்டாமல் போகலாம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். உயரத்தில் மேலும் கீழும் இடம் விட்டால் 9½ அங்குலம் கிடைக்கும். உடல் உயரம் 5 அங்குலம் வரை போகலாம். ஆனால் அகலம் தடுக்கும். போல்டு எடையில் ‘முருகன் ஸ்டோர்ஸ்’ என்ற பெயருக்கு உடல் உயரத்தைப் போல் ஏறத்தாழ 12 மடங்கு அகலம் வேண்டும். ‘டோ’ ஒன்றே கொம்பும் காலுமாக இரண்டரை மடங்கு தின்றுவிடும். 5 அங்குலம் என்றால் 60 அங்குல அகலம். பாதிப் பலகையே 60 அங்குலம்தான், ஓரம் விட்டால் 54. ஆக 4 அங்குலத்தில் வைத்தால் 48 அங்குலத்தில் அடங்கும், மூச்சுவிடவும் இடம் இருக்கும். 40 அடி வரை படிக்கலாம். அனெக்கில் அகலத்தை 85-க்குக் குறைத்தால் 4½ கூடக் கிடைக்கும்.

மேலே கன்னடம் 9 அங்குல உடலில் தாராளமாக உட்காரும். ஆனால் ‘ஸ்டோ’வில் கன்னட ஒத்து கீழே தொங்கும், அதற்கு நேர் கீழே தமிழின் புள்ளிகள் மேலே எழும். இரண்டும் நெருங்கும் இடத்தில் குறைந்தது 1½ அங்குலம் வெற்றிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் தூரத்தில் பார்க்கும்போது கன்னட ஒத்து தமிழின் மேல்விலங்கு மாதிரி தெரியும்.

எல்இடி எழுத்து வைப்பதாக இருந்தால் இன்னொரு கணக்கு. உள்ளே சாதாரண மாட்யூல் (விளக்குகள் பதித்த சின்னத் துண்டு) உட்கார எழுத்தின் கோடு 1 அங்குலமாவது இருக்க வேண்டும். 9 அங்குலக் கன்னடத்தில் அது வரும். 4 அங்குலத் தமிழ் போல்டில் கோடு முக்கால் அங்குலத்தைத் தாண்டாது. அதைக் கட்டாயப்படுத்தித் தடிக்க வைத்தால் சுழிகள் மூடும். அதற்குப் பதில் கன்னடத்தை ஒளிரும் எழுத்தாகவும், தமிழையும் ஆங்கிலத்தையும் தட்டையான அக்ரிலிக்கில் வெட்டி மேலிருந்து விளக்கு அடிப்பதாகவும் வைப்பது நல்லது. வெட்டு எழுத்தில் தமிழின் புள்ளி தனித் துண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி ஆணி வேண்டும். பசையில் மட்டும் ஒட்டினால் ஒரு மழைக்காலத்தில் விழுந்து ‘மருந்தகம்’ ‘மருந்தகம’ ஆகும். புள்ளி பெரிதாக இருக்கும் ஃபான்டைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக. எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது இணையத்துக்கு வகுத்த அளவுகோல். பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. தூய மஞ்சள், தூய சிவப்பின் மேல் 3.7 வரும்: தலைப்புக்குச் சரி, சின்ன வரிக்குப் போதாது. சிவப்பை அடர் சிவப்பாக்கினால் அதே மஞ்சள் 9-ஐத் தாண்டும், மங்களகரமும் குறையாது. சிவப்பு எழுத்தை நீலத்தின் மேல் வைத்தால் 2 சொச்சம்தான். எந்த ஃபான்டாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

மென்பொருளில் உடைவது

தமிழ் உடைவதற்கு இரண்டு இடம். ஒன்று பழைய குறியீடு. பாமினி போன்ற பழைய ஃபான்டில் கணினிக்குத் தெரிவது ஆங்கில எழுத்துகள்தான். ஃபான்ட் அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டுவிடுகிறது. ஃபைல் வேறு கணினிக்குப் போய், அங்கே பாமினி இல்லாவிட்டால் ‘தமிழ்’ என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியுமாக அச்சாகும். கன்னடத்தில் பழைய நுடி, பரஹ ஃபைல்களுக்கும் இதே கதி. பேஜ்மேக்கரில் வேலை செய்யும் பிரஸ் என்றால் அது யூனிகோடையே ஏற்காது. பழைய ஃபைலை யூனிகோடுக்கு மாற்றும்போது நடுவில் இருக்கும் ஆங்கிலப் பெயர், டிகிரி, அடைப்புக்குறி எல்லாமும் தமிழ்க் குப்பையாக மாறும். அவற்றை முதலில் தனியே எடுத்துவைத்துவிட்டு மாற்றவும்.

இன்னொன்று, யூனிகோடு சரியாக இருந்தும் மென்பொருள் எழுத்தைச் சேர்க்காமல் விடுவது. ‘கொ’வில் கொம்பு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று தோன்றும். இண்டிசைனில் பேராகிராஃப் பேனல் மெனுவில் ‘வேர்ல்ட்-ரெடி’ என்று தொடங்கும் கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். இல்லஸ்ட்ரேட்டரில் பிரெஃபரென்சஸ், டைப் பகுதியில் இண்டிக் ஆப்ஷன்ஸைக் காட்டும் கட்டத்தை டிக் செய்துவிட்டு, பேராகிராஃப் மெனுவில் தெற்காசியக் கம்போசருக்கு மாற்றவும். இன்க்ஸ்கேப் எதையும் மாற்றாமலே சரியாகக் காட்டும். சின்ன வேலைக்குச் செலவில்லாமல் அதுவே போதும். சின்ன எழுத்தை ஃபோட்டோஷாப்பில் அமைக்க வேண்டாம். படமாக மாறி அச்சில் ஓரம் மங்கும்.

பிரஸுக்குக் கொடுக்கும்போது

சுல்தான்பேட்டையோ வீட்டுப் பக்கத்து டிஜிட்டல் கடையோ, இரண்டு ஃபைல் தயார் செய்யவும். ஒன்றில் எழுத்தெல்லாம் கர்வ்ஸாக (ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவங்களாக) மாற்றப்பட்டிருக்க வேண்டும், அதுதான் பிரஸுக்கு. மற்றது எழுத்து எழுத்தாகவே இருக்கும் மூல ஃபைல். அது உங்களிடம் இருக்கட்டும், பயன்படுத்திய ஃபான்டுகளும் அதே ஃபோல்டரில். கர்வ்ஸாக மாற்றிய பிறகு முகூர்த்த நேரத்தில் ஒரு இலக்கம் தப்பு என்று தெரிந்தால், மூல ஃபைல் இல்லாதவர் அந்த இலக்கத்தை வேறு ஃபான்டில் ஒட்டுவார்; அது தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும்.

கறுப்பு எழுத்து கறுப்பு மை 100 சதவீதம் மட்டுமாக இருக்க வேண்டும். நான்கு மையும் கலந்த கறுப்பில் 10 புள்ளித் தமிழ் அடித்தால், தாள் இம்மி நகர்ந்தாலும் ஒவ்வொரு சுழிக்கும் வண்ண நிழல் விழும். அரக்குச் சிவப்பில் உள்பக்கம் வேண்டுமென்றால் அதைத் தனி மையாக அடிக்க முடியுமா என்று கேட்கவும். முடியாது என்றால் அந்த நிறத்தைத் தலைப்புக்கும் பெயர்களுக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, உறவினர் பட்டியலைக் கறுப்பில் விடவும்.

பிடிஎஃப் வந்ததும் திரையில் பார்த்துச் சரி சொல்ல வேண்டாம். பத்திரிகை என்றால் அசல் அளவில், அதே அட்டையில் ஒரு பிரதி எடுத்து, வீட்டில் கண்ணாடி போட்டுப் படிக்கும் ஒருவரிடம் கொடுத்து மண்டப முகவரியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லவும். பலகை என்றால் ஒரு சொல்லை மட்டும் முழு அளவில் தாளில் எடுத்துக் கடை முகப்பில் ஒட்டி, எதிர்ச் சாரியிலிருந்து பகலில் ஒரு தடவை, தெருவிளக்கு வந்த பிறகு ஒரு தடவை பார்க்கவும். தயங்கிப் படித்த இடங்களைப் பேனாவால் வட்டமிட்டு, அங்கே அளவையோ எடையையோ மாற்றிவிட்டு அச்சுக்குச் சரி சொல்லவும்.